நியூயார்க் லாட்டரி வீடு: விண்ணப்பம் முதல் சாவி வரை

நியூயார்க் நகரில் குறைந்த வாடகை வீட்டு லாட்டரிக்கு விண்ணப்பிப்பது சுலபம். கணக்கைத் திறந்து விவரங்களை ஒருமுறை நிரப்பிவிட்டால், அடுத்தடுத்த கட்டடங்களுக்குச் சில நிமிடம் போதும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். குலுக்கலில் நல்ல எண் விழுந்து, அழைப்பும் வந்து, கடைசியில் ஒரு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) குறைந்ததாலோ, வருமானத்தைத் தப்பாகப் பெருக்கியதாலோ வீட்டைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். குலுக்கல் உங்கள் கையில் இல்லை. கணக்கும் காகிதமும் உங்கள் கையில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வீடுகளில் பல, அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் வரும் வரிச்சலுகையால் கட்டப்படுகின்றன. வங்கிகளும் முதலீட்டாளர்களும் கட்டுமானத்துக்குப் பணம் போடுகிறார்கள். பதிலுக்குப் பத்து ஆண்டுகள் அவர்களுடைய வரி குறைகிறது. கட்டடம் குறைந்தது 30 ஆண்டுகள் வாடகை வரம்புக்குள் இருக்க வேண்டும். தகுதியில்லாத ஒரு குடும்பம் உள்ளே வந்துவிட்டால், அந்த வீட்டுக்கான சலுகை பறிபோகும் அபாயம் முதல் 15 ஆண்டுகளுக்கு உண்டு. உங்கள் கோப்பைப் பார்க்கும் ஊழியர் ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறார் என்பதற்கு விடை இதுதான். அவர் பார்ப்பது உங்கள் வறுமையை அல்ல, தம் முதலாளியின் வரிக் கோப்பை. நாளை தணிக்கைக்கு வருபவர் எதைக் கேட்பாரோ, அதையே இன்று உங்களிடம் கேட்கிறார். கெஞ்சுவதாலும் கோபப்படுவதாலும் ஒன்றும் நகராது. காகிதம் கொடுத்தால் நகரும்.

1. விளம்பரத்தைச் சரியாகப் படியுங்கள்

நகர அரசின் ‘ஹவுசிங் கனெக்ட்’ தளத்தில் வரும் எல்லா வீடும் ஒரே வகை அல்ல. ‘421-ஏ வரிவிலக்கு’ என்று போட்டிருந்தால், அது கட்டட உரிமையாளருக்குச் சொத்து வரியில் கிடைக்கும் விலக்கு; 42ஆம் பிரிவுச் சலுகையோடு அதற்குச் சம்பந்தமில்லை. அந்த வகையில் 130 சதவீத வருமானப் பிரிவு வரைகூட வீடுகள் வரும், வாடகை வெளிச்சந்தையை எட்டிப் பிடிக்கும். 42ஆம் பிரிவு வீடுகளில் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 சதவீதம். சில கட்டடங்களில் சராசரி 60-ஐத் தாண்டாமல் 80 சதவீதம் வரை கலந்து கொடுப்பார்கள்.

எதன் சதவீதம்? ‘ஏஎம்ஐ’ என்று எல்லாரும் சொல்வது, வட்டாரத்தின் நடுத்தர வருமானம். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை ஆண்டுதோறும் வெளியிடும். வழக்கமாக ஏப்ரலை ஒட்டி மாறும். 2025இல் நியூயார்க் நகருக்கான 60 சதவீத வரம்பு: தனி நபருக்கு 68,040 டாலர், இருவருக்கு 77,760, மூவருக்கு 87,480, நால்வருக்கு 97,200.

இப்போது, புதிதாக வருகிற எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். “வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகை” என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வருமானத்தில் அல்ல, அந்தப் பிரிவின் வரம்பில் 30 சதவீதம். ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஒன்றரை ஆள், இரண்டு படுக்கையறைக்கு மூன்று ஆள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 60 சதவீதப் பிரிவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 87,480-இல் 30 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,187 டாலர். அதுவே உச்சம். நீங்களே கட்ட வேண்டிய மின்சாரம், எரிவாயுவுக்கு ஒரு தொகையை அதிலிருந்து கழித்துக்கொண்டுதான் வாடகை வைக்க வேண்டும். நீங்கள் 87,000 சம்பாதித்தாலும் 78,000 சம்பாதித்தாலும் வாடகை ஒன்றுதான். பாதியில் வேலை போனால் வாடகை தானாக இறங்காது. வருமானத்தோடு ஏறி இறங்குவது நகர அரசுக் குடியிருப்புகளிலும், மத்திய அரசின் வாடகை உதவியான செக்‌ஷன் 8 போன்ற திட்டங்களிலும்தான்.

அதனால்தான் விளம்பரத்தில் உச்ச வரம்போடு குறைந்தபட்ச வருமானமும் இருக்கும். அதற்குக் கீழே இருந்தாலும் நிராகரிப்புதான். விதிவிலக்கு, செக்‌ஷன் 8 அல்லது நகரத்தின் வாடகை உதவி வவுச்சர் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் குறைந்தபட்ச வரம்பு பொருந்தாமல் போகலாம். வவுச்சர் வைத்திருக்கிறார் என்ற காரணத்துக்காக 42ஆம் பிரிவுக் கட்டடம் யாரையும் மறுக்க முடியாது.

2. வருமானத்தை அவர்கள் கணக்கிடும் முறையில் கணக்கிடுங்கள்

கையில் வரும் சம்பளம் அல்ல. வரி, காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு எதையும் பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். போன வருடம் வாங்கியது அல்ல. இன்றிலிருந்து அடுத்த பன்னிரண்டு மாதங்களில் வரப்போவது. நம்மவர்கள் வழுக்கி விழுவது இந்த இரண்டில்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர் 26-ஆல் பெருக்க வேண்டும். மாதம் இரண்டு முறை (15ஆம் தேதியும் கடைசி நாளும்) வாங்குபவர் 24-ஆல். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். கணவன் மனைவி இருவர், ஒருவர் மட்டும் வேலை, இரண்டு வாரத்துக்கு 3,020 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் பெருக்கினால் 72,480. வரம்புக்குள் ஜம்மென்று உட்காருகிறது. 26-ஆல் பெருக்கினால் 78,520. வரம்பு 77,760. வீடு இல்லை. இதை விண்ணப்பிக்கும்போதே தெரிந்துகொண்டால் 80 சதவீதப் பிரிவு உள்ள கட்டடத்தைப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு கணக்கும் போடுவார்கள். பே ஸ்டப்பின் ஓரத்தில் ஜனவரியிலிருந்து இதுவரை வாங்கிய மொத்தம் அச்சாகியிருக்கும். அதைக் கடந்துபோன வாரங்களால் வகுத்து 52-ஆல் பெருக்குவார்கள். ஓவர்டைம், போனஸ், டிப்ஸ் எல்லாம் அதில் வந்துவிடும். இரண்டு கணக்கில் எது அதிகமோ, அதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸ் நேரத்து ஓவர்டைம் இனி வராது என்றால், “இது ஆண்டில் ஒருமுறை மட்டும்” என்று முதலாளி எழுதித் தரும் கடிதம் வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

டாக்சி, ஊபர், டெலிவரி ஓட்டுபவர்களுக்கும் சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கும்: நிறுவனம் அனுப்பும் 1099 படிவத்தில் இருக்கும் பெரிய தொகையைப் போடாதீர்கள். செலவு போக மிஞ்சும் நிகர லாபம், அதாவது வரிக் கணக்கின் ‘ஷெட்யூல் சி’ கடைசியில் வரும் எண்தான் வருமானம். இதிலும் கொக்கி ஒன்று உண்டு. வரி குறையட்டும் என்று செலவை ஏற்றிக் காட்டியிருந்தால், நிகர வருமானம் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய் அந்தப் பக்கத்தில் அடிபடும். வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைக்க முடியாது.

சம்பளம் தவிர வருமானத்தில் சேர்பவை: வேலையின்மை உதவித்தொகை, ஓய்வூதியம், ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்புத் தொகை, உறவினர்கள் மாதாமாதம் கொடுக்கும் பணம். அண்ணன் ஒவ்வொரு மாதமும் 300 டாலர் ஜெல் (Zelle) பணப் பரிமாற்றத்தில் அனுப்பினால், அவர் பாசமாகக் கொடுத்தாலும் அது ஆண்டுக்கு 3,600 டாலர் வருமானம். ஆனால் நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்க வழியில்லை. 18 வயது நிறையாத பிள்ளைகள் பகுதி நேர வேலையில் சம்பாதிப்பது சேராது. வேறு ஒருவரைச் சார்ந்து வீட்டில் இருக்கும் முழு நேரக் கல்லூரி மாணவரின் சம்பளத்தில் ஒரு சிறு தொகை மட்டுமே சேரும்.

அடுத்தது சொத்து. ஊரில் இருக்கும் வீடு, மனை, வங்கி வைப்புநிதி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள், மறைப்பதால் லாபமும் இல்லை. நிகரச் சொத்து 50,000 டாலரை ஒட்டிய வரம்பைத் தாண்டினால்தான் (இது ஆண்டுதோறும் சற்று மாறும்), வருமானம் தராத சொத்துக்கு ஒரு கற்பனை வட்டி போடுவார்கள். அந்த வட்டி வீதம் அண்மை ஆண்டுகளில் அரை சதவீதத்துக்கும் குறைவு. தஞ்சாவூரில் 80,000 டாலர் மதிப்புள்ள மனை இருந்தால் ஆண்டு வருமானத்தில் கூடுவது 400 டாலருக்கும் கீழேதான். அதை மறைத்து, வங்கிக் கணக்கில் ‘மனை விற்ற பணம்’ வந்து மாட்டிக்கொண்டால் வீடே போகும். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும், வைப்புநிதிக்கு வரும் வட்டியும் நிஜ வருமானமாகச் சேரும். தாலி, குடும்ப நகை போன்றவை கணக்கில் வராது. முதலீட்டுக்காக வாங்கி லாக்கரில் வைத்த தங்கக் காசு வரும். இவை தவிர, நகர அரசு தனியாக ஒரு சொத்து உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை விளம்பரத்தோடு வரும் குறிப்பில் பாருங்கள்.

3. குடும்பத்தில் யார் யார்?

அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் மட்டும். எத்தனை பேருக்கு எந்த வீடு என்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு படுக்கையறைக்கு 1 முதல் 3 பேர், இரண்டுக்கு 2 முதல் 5, மூன்றுக்கு 3 முதல் 7. கர்ப்பமாக இருந்தால் வயிற்றுப் பிள்ளையையும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுக்க மத்திய விதிமுறை இடம் தருகிறது. வருமான வரம்பு உயர அது உதவும். விசாவுக்காக ஊரில் காத்திருக்கும் மனைவியையோ கணவரையோ சேர்க்கலாமா என்பதைக் கட்டட நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு பேர், கோப்பில் நான்கு பேர் என்று வந்து நின்றால் சிக்கல். இடையில் கல்யாணம், குழந்தை பிறப்பு என்றால் அதற்கான சான்றிதழோடு சொல்லலாம்.

மாணவர் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் எல்லாருமே முழு நேர மாணவர்கள் என்றால் 42ஆம் பிரிவு வீடு கிடைக்காது. ஓர் ஆண்டில் ஐந்து மாதங்களில் ஏதாவது சில நாள் முழு நேரம் படித்திருந்தாலும் அந்த ஆண்டு முழுக்க மாணவர்தான். மே மாதம் படிப்பை முடித்து ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவரும் டிசம்பர் வரை மாணவர். பள்ளிப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் மாணவர்களே. விலக்குகள் ஐந்து: கூட்டாக வரி தாக்கல் செய்யத் தகுதியுள்ள கணவன் மனைவி, யாரையும் சார்ந்திராத தனிப் பெற்றோரும் அவர் பிள்ளைகளும், அரசின் குடும்ப நலத் தொகை பெறுபவர், முன்பு அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர், அரசின் வேலைப் பயிற்சித் திட்டத்தில் இருப்பவர். அறையைப் பகிர்ந்து இருக்கும் எம்.எஸ். மாணவர்கள் இருவர் விண்ணப்பித்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நேரம்தான் வீண்.

42ஆம் பிரிவு வீட்டுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ நிபந்தனை இல்லை. ஆனால் அதே கட்டடத்தில் சில வீடுகளோடு செக்‌ஷன் 8 உதவி ஒட்டியிருக்கும். அவற்றுக்குக் குடிவரவு நிலை பார்ப்பார்கள். அரசு உதவிகளால் கிரீன் கார்டு பாதிக்குமா என்ற கவலை இருந்தால், வாட்ஸ்அப் குழுவை நம்பாமல் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

4. விண்ணப்பியுங்கள், ஒரே ஒரு முறை

ஹவுசிங் கனெக்டில் கணக்குத் திறந்து விவரத்தை நிரப்ப ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தளத்தில் தமிழ் கிடையாது. நகர அரசின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து “தமிழ் இன்டர்ப்ரெட்டர்” என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவருவார்கள். விண்ணப்பத்தில் உதவ ‘ஹவுசிங் அம்பாசடர்’ என்ற பெயரில் நகரம் முழுக்கத் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன, உதவி இலவசம்.

ஒரு லாட்டரி எதுவரை திறந்திருக்கும் என்பது விளம்பரத்தில் இருக்கும். முதல் நாள் போட்டவருக்கும் கடைசி நாள் போட்டவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான், அதனால் நள்ளிரவில் விழித்திருந்து போட வேண்டியதில்லை. ஆனால் கடைசித் தேதி தாண்டி வரும் விண்ணப்பத்தைப் பார்க்க மாட்டார்கள். கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று இரண்டு விண்ணப்பம் போட்டால் வாய்ப்பு இரட்டிப்பாகாது. ஒரே ஆள் இரண்டில் இருந்தால் தகுதி நீக்கம் வரை போகும். வெவ்வேறு கட்டடங்களுக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

சம்பளம் மாறினால் பொது விவரத்தில் திருத்தியதோடு நிற்காதீர்கள். முன்பே அனுப்பிய விண்ணப்பங்களில் பழைய எண் அப்படியே இருக்கலாம். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தரகுக் கட்டணமும் கிடையாது. “ஐந்நூறு டாலர் கொடுங்கள், நல்ல நம்பர் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், கோவிலில் தினம் பார்க்கிற ஆளாக இருந்தாலும், அது ஏமாற்றுதான். எண்ணைக் கணினி போடுகிறது.

5. லாக் நம்பர்: எதைப் பார்த்து மகிழ்வது

கடைசித் தேதிக்குப் பிறகு உங்களுக்கு ஒரு லாக் நம்பர், அதாவது குலுக்கலில் விழுந்த வரிசை எண் வரும். நூறு வீட்டுக்குப் பத்தாயிரக்கணக்கில் விண்ணப்பம் வருவது சாதாரணம், ஆகவே 48,000 என்று வந்தால் மறந்துவிட்டு அடுத்த லாட்டரிக்குப் போங்கள். சிறிய எண் வந்தாலும் நேரடியாகக் கணக்குப் போட முடியாது. அந்த நூறு வீட்டில் உங்கள் குடும்ப அளவுக்கும் வருமானப் பிரிவுக்கும் பொருந்துவது ஐந்தோ ஆறோ இருக்கலாம். 900ஆம் எண்காரர் அதைவிடச் சிறிய எண் உள்ள உங்களை முந்துவது அதனால்தான்.

முன்னுரிமைகளும் உண்டு. கட்டடம் இருக்கும் கம்யூனிட்டி போர்டு (நகரத்தின் வட்டாரக் குழு) எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு இப்போது 20 சதவீத வீடுகள் (முன்பு பாதியாக இருந்தது, 2024இல் முடிந்த வழக்குச் சமரசத்தில் குறைந்தது). நகர அரசு ஊழியர்களுக்கு 5 சதவீதம். நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கு 5, பார்வை அல்லது செவித்திறன் குறைபாட்டுக்கு 2 சதவீதம். உங்கள் போர்டு எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிளஷிங் குயின்ஸ் 7, ஜமைக்கா குயின்ஸ் 12, பெல்ரோஸ், குயின்ஸ் வில்லேஜ் பக்கம் குயின்ஸ் 13. முன்னுரிமையைக் குறித்தால் முகவரிச் சான்று கேட்பார்கள். சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டு வைத்தால் அங்கேதான் மாட்டுவீர்கள். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் ஜெர்சி சிட்டியிலும் எடிசனிலும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் நியூயார்க் நகரவாசிகள் எல்லாரும் முடிந்த பிறகே முறை வரும். நடைமுறையில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு வரச் சில மாதங்களும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இடையில் முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் மாறினால் உடனே தளத்தில் மாற்றுங்கள். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள்.

6. கோப்பு

அழைப்பு வந்தபின் ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கினால் நேரம் போதாது. வழக்கமாகப் பத்து வேலை நாட்கள் போலத்தான் தருவார்கள். கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும். முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் ஒரு உறை போட்டு இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- பாஸ்போர்ட் அல்லது அரசு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை இருந்தால் அது
- தொடர்ச்சியான கடைசி ஆறு பே ஸ்டப்கள், நடுவில் ஒன்றுகூட விடுபடாமல்
- டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்), கடைசி வரித் தாக்கலின் மத்திய, மாநிலப் படிவங்கள். சொந்தத் தொழில் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு
- எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடைசி ஆறு மாத அறிக்கைகள். வென்மோ, கேஷ் ஆப் போன்ற பணம் அனுப்பும் செயலிகள் உட்பட. ஊர் வங்கிக் கணக்கும்தான்
- இப்போதைய லீஸ் (வாடகை ஒப்பந்தம்), கடைசி 12 மாத வாடகை கொடுத்த சான்று, ஒரு மின்கட்டண ரசீது
- 18 வயதுக்கு மேற்பட்டவர் படித்தால் கல்லூரிக் கடிதம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கடிதம்
- திருமணம், மணமுறிவு, பிள்ளைப் பராமரிப்பு தொடர்பான நீதிமன்ற ஆணைகள்

இதில் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன். வங்கி அறிக்கையில் ‘4இல் 4’ என்று வெறுமையாக ஒரு கடைசிப் பக்கம் இருக்கும். அதையும் அனுப்புங்கள். அது இல்லாமல் கோப்பு முழுமையாகாது என்று திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வங்கித் தளத்திலிருந்து பிடிஎஃப் இறக்குங்கள். சீட்டு எடுத்த பணம், நண்பர் திருப்பித் தந்த கடன் என்று கணக்கில் திடீரென்று வந்த பெரிய தொகைக்கு எல்லாம் ஒரு வரி விளக்கமும், முடிந்தால் கொடுத்தவரின் கையெழுத்தும் தேவைப்படும். கேட்கும் முன்பே எழுதி இணைத்துவிடுங்கள்.

நம் பெயர்கள் இங்கே தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பே ஸ்டப்பில் இனிஷியல் இருக்கும், விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அடித்திருக்கும். பார்ப்பவருக்கு இது மூன்று ஆட்கள். “இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும்” என்று ஒரு பக்க உறுதிமொழி எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, முதல் பக்கமாக வையுங்கள். வங்கிக் கிளைகள் பலவற்றில் வாடிக்கையாளர்களுக்கு நோட்டரி இலவசம். தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

புதிதாக வந்து கிரெடிட் வரலாறே (கடன் வாங்கிக் கட்டிய பதிவே) இல்லையென்றால் பயப்பட வேண்டாம். நகரத்தின் விதிப்படி, கடைசி 12 மாதம் வாடகையை முழுதாகக் கட்டியதற்குச் சான்று காட்டினால் கிரெடிட் செக்குக்குப் பதிலாக அதை ஏற்க வேண்டும். அதனால் வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். செக், ஜெல், மணி ஆர்டர், எதுவானாலும் தடயம் இருக்கட்டும். அடித்தளத்தில் அறை எடுத்து ரொக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால், வீட்டுக்காரரிடம் மாதாமாதம் ரசீது கேளுங்கள். நியூயார்க் மாநிலச் சட்டப்படி ரொக்கத்துக்கு ரசீது தருவது அவர் கடமை.

வருமானச் சான்றுகளுக்கு ஆயுள் 120 நாட்கள். கட்டடம் முடியத் தாமதமானால் அதே பே ஸ்டப்களைப் புதிதாகக் கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல. இந்த இடைவெளியில் சம்பள உயர்வு வந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். வரம்பை ஒட்டி நிற்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஏப்ரலில் வரம்பு உயர்ந்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம்.

7. கையில் எவ்வளவு வேண்டும்

பின்னணி, கிரெடிட் சரிபார்ப்புக்கு மாநிலச் சட்டப்படி அதிகபட்சம் 20 டாலர். கடந்த 30 நாட்களுக்குள் எடுத்த அறிக்கையை நீங்களே கொடுத்தால் அதுவும் இல்லை. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆக 60 சதவீதப் பிரிவில், ஒரு படுக்கையறைக்கு உச்சபட்சமான 1,822 டாலர் வாடகை என்றால், கையெழுத்திடும் அன்று முதல் மாத வாடகையும் முன்பணமுமாக 3,644 டாலர். பெரும்பாலும் வங்கிக் காசோலையோ மணி ஆர்டரோதான் வாங்குவார்கள், தனிக் காசோலை வாங்க மாட்டார்கள். வண்டி வாடகை, மின் இணைப்பு, பழைய வீட்டின் அறிவிப்புக் காலத்தில் இரட்டை வாடகை எல்லாம் தனி.

ஒப்புதல் கடிதம் வரும் முன் பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிடாதீர்கள். வீடு பார்க்க அழைத்தாலும் அது ஒப்புதல் இல்லை.

8. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பொதுவாகப் பத்து வேலை நாட்கள்; கடிதத்தில் உள்ள தேதியைச் சுவரில் ஒட்டிவையுங்கள். “மறுபரிசீலனை செய்யுங்கள்” என்று உருக்கமாக எழுதிப் பயனில்லை. வருமானம் அதிகம் என்றார்களா? உங்கள் கணக்கை வரி வரியாக எழுதி, எந்த எண் தவறு, எந்த ஆவணம் அதை நிரூபிக்கிறது என்று காட்டுங்கள். ஒருமுறை வந்த போனஸை 26-ஆல் பெருக்கிவிடும் தவறு அவர்கள் பக்கமும் நடக்கிறது. ஆவணம் வரவில்லை என்றார்களா? அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு இணையுங்கள். பழைய வீட்டுக்காரர் உங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தார் என்பதை மட்டும் வைத்து மறுக்க மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை.

குலுக்கலில் விழாதவர்களுக்கும் வழி இருக்கிறது. காலியாகும் பழைய வீடுகளும் ஹவுசிங் கனெக்டில் மறுவாடகையாக வருகின்றன; சில கட்டடங்கள் சொந்தமாகக் காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன. மத்திய வீட்டுவசதித் துறையின் தரவுத்தளத்தில் 42ஆம் பிரிவுக் கட்டடங்களின் முகவரிப் பட்டியல் இருக்கிறது. உங்கள் பகுதிக் கட்டடங்களைக் குறித்துக்கொண்டு, நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பட்டியல் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

9. லீஸும் அதற்குப் பிறகும்

கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள். லீஸில் இரண்டு வாடகை போட்டிருக்கிறதா: சட்டப்படி வாங்கக்கூடிய வாடகை, இப்போது உங்களிடம் வாங்கும் வாடகை? அடுத்த ஆண்டு உயர்வு எதன் மேல் கணக்கிடப்படும் என்று கேளுங்கள். நகரத்தின் இத்தகைய வீடுகள் பெரும்பாலும் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் வருபவை. லீஸோடு அதற்கான இணைப்புத் தாள் இருக்க வேண்டும். மூன்றாவது, எந்தெந்தக் கட்டணங்கள் உங்கள் தலையில் என்பது. சூடேற்றுவதும் வெந்நீரும் மின்சாரத்தில் ஓடி, மீட்டர் உங்கள் பெயரில் இருந்தால், ஜனவரி பில் வாடகைக் கணக்கையே மாற்றிவிடும்.

குடியேறிய பிறகு வருமானம் கூடினால் வெளியேற்றுவார்களோ என்று ஓவர்டைமை மறுப்பவர்கள், சம்பள உயர்வைத் தள்ளிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. குடியேறும் அன்று தகுதி இருந்தால் போதும். பின்னால் வருமானம் வரம்பின் 140 சதவீதத்தைத் தாண்டினாலும் நீங்கள் இருக்கலாம். சலுகை வீடும் சந்தை வாடகை வீடும் கலந்த கட்டடத்தில் அடுத்து காலியாகும் வீட்டைத் தகுதியுள்ளவருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்புதான் உரிமையாளருக்கு வரும். தகுந்த காரணமில்லாமல் லீஸைப் புதுப்பிக்க மறுக்கவும் அவரால் முடியாது.

ஆனால் ஆண்டுதோறும் வரும் மறுசான்றுப் படிவத்தைக் குப்பையில் போடாதீர்கள். வருமானத்தை முழுதாகக் கேட்கலாம், மாணவர் நிலையை மட்டும் கேட்கலாம். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். நிரப்பித் தராமல் இருப்பது லீஸ் மீறலாக முடியலாம். குடியேறிய அன்று கையெழுத்திட்ட வருமானச் சான்றுப் படிவத்தின் நகலை வாங்கி, அதே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு நிரப்பும்போது முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.